கேஸ் பாய்லரின் எரியறை: சுத்தம், பராமரிப்பு, பாதுகாப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கேஸ் பாய்லர் சர்வீஸ் வேலையில் இருப்பதால், எங்கே போனாலும் ஏறக்குறைய அதே சந்தேகங்கள்தான் என்னிடம் வருகின்றன. கேட்பவர்களில் பலர் பாய்லரைத் தினமும் பயன்படுத்துகிறவர்கள். சிலர் இப்போதுதான் இந்த வேலையைக் கற்றுக்கொள்கிறவர்கள். இரண்டு தரப்புக்கும் பயன்படட்டும் என்று, கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதிப் பதில் சொல்லியிருக்கிறேன். வீடுகளிலும் சிறு கட்டடங்களிலும் சுடுநீருக்காகவும் அறைகளைச் சூடாக்கவும் வைக்கும் பாய்லர்களைப் பற்றியது இது. தொழிற்சாலை நீராவிக் கொதிகலன்களுக்கு விதிமுறைகள் வேறு.

எரியறையைத் திறந்து செய்யும் வேலை எல்லாமே பயிற்சியும் உரிமமும் உள்ள டெக்னீஷியனுக்கானது. மற்றவர்கள் அந்தப் பதில்களைப் படிப்பது, தங்கள் பாய்லருக்கு நடக்கும் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ளவும் தயங்காமல் கேட்கவும்தான்.

எரியறைன்னா எது? பாய்லருக்குள்ள எங்கே இருக்கு?

கேஸும் காற்றும் கலந்து எரியும் இடம்தான் எரியறை. அதில் பர்னர் இருக்கும். பர்னரின் தீயைச் சுற்றியோ அதற்கு மேலேயோ ஹீட் எக்ஸ்சேஞ்சர் இருக்கும். அதற்குள் ஓடும் தண்ணீர் தீயின் சூட்டை வாங்கிக்கொள்ளும், மிஞ்சிய புகை புகைக்குழாய் வழியே வெளியேறும்.

பழைய வகைப் பாய்லர்களில் வார்ப்பிரும்பு ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கு அடியில் பர்னர் வரிசையாகப் படுத்திருக்கும். புதிய கண்டென்சிங் பாய்லர்களில் எரியறை இறுக மூடிய சின்னப் பெட்டி. அதன் கதவிலேயே பர்னரும் ஃபேனும் பொருத்தியிருப்பார்கள். புகையிலிருக்கும் நீராவியைக் குளிரவைத்து அந்தச் சூட்டையும் எடுத்துக்கொள்வதுதான் கண்டென்சிங் வகையின் வேலை. சுத்தம் செய்யும் முறை இந்த இரண்டு வகைக்கும் நிறையவே மாறும்.

கேஸ் சுத்தமா எரியுற எரிபொருள்தானே, அதுல அழுக்கு எப்படிச் சேரும்?

போதுமான காற்று கிடைத்தால் சுத்தமாகத்தான் எரியும். இயற்கை எரிவாயுவில் பெரும்பகுதி மீத்தேன். ஒரு கன மீட்டர் மீத்தேன் முழுசாக எரிய ஏறக்குறைய 10 கன மீட்டர் காற்று வேண்டும். அது கிடைத்தால் கடைசியில் மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடும் நீராவியும்தான். காற்று குறைந்தால் கார்பன் மோனாக்சைடும் கரியும் வரும்.

கரி இல்லாமலும் அழுக்கு சேரும். காற்றோடு சேர்ந்து தூசி, துணிநூல், வளர்ப்புப் பிராணிகளின் முடி எல்லாம் உள்ளே போகும். கண்டென்சிங் பாய்லரில் ஒடுங்கிச் சொட்டும் நீர் அமிலத்தன்மை உள்ளது, அதன் பிஎச் அளவு பெரும்பாலும் 3-க்கும் 5-க்கும் இடையில் இருக்கும். அலுமினிய ஹீட் எக்ஸ்சேஞ்சராக இருந்தால் அந்த நீர் உலோகத்தை மெல்ல அரித்து, அலுமினிய ஆக்சைடைத் தூளாகவும் சேறாகவும் படியவைக்கும். பல வருஷம் கவனிக்காத பாய்லரின் அடித்தட்டைக் கழற்றினால், வடிகட்டிய காபித்தூள் சக்கை மாதிரி ஈரமான கரும்பழுப்புத் தூள் கைப்பிடி கணக்கில் கொட்டும்.

பாய்லர் நல்லாத்தான் ஓடுது. சுத்தம் பண்ணலேன்னா என்ன ஆயிடும்?

தண்ணீர் சூடாகிறது என்பதை வைத்து பாய்லர் நன்றாக ஓடுகிறது என்று முடிவுகட்ட முடியாது. ஹீட் எக்ஸ்சேஞ்சரின் இடுக்குகள் மிகக் குறுகலானவை. அங்கே அழுக்கு அடைத்தால் புகை வெளியேறத் திணறும், புதுக் காற்றும் குறையும். காற்று குறைந்தால் கரி வரும், அந்தக் கரி இன்னும் அடைக்கும். கொஞ்சமாக ஆரம்பிக்கும் பிரச்சினை ஒரு கட்டத்துக்கு மேல் வேகமாக முற்றுவது இதனால்தான்.

இதில் கேஸ் வீணாவது சின்ன விஷயம். கார்பன் மோனாக்சைடு அறைக்குள் வருவதுதான் பெரிய விஷயம். அது உயிரை எடுத்துவிடும்.

எத்தனை நாளைக்கு ஒரு தடவை சுத்தம் பண்ணணும்?

வருஷத்துக்கு ஒரு சர்வீஸ் என்பது பரவலான வழக்கம். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் கேட்பதும் அதுதான். ஆனால் ஒவ்வொரு சர்வீஸிலும் எரியறையைத் திறக்கவேண்டுமா என்பது மாடலைப் பொறுத்தது. சிலவற்றில் வருஷாவருஷம் திறக்கச் சொல்வார்கள். சிலவற்றில் புகையின் அளவீடுகள் மாறினால் மட்டும் திறக்கச் சொல்வார்கள். பாய்லரோடு வந்த கையேடு சொல்வதுதான் இதில் கடைசி வார்த்தை.

மரத்தூள், சிமென்ட் தூசி, துணி உலர்த்தும் இயந்திரம் போன்றவை பக்கத்தில் இருந்தால் இடைவெளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் சுவர் இடித்துக் கட்டும் வேலை நடந்திருந்தால், வருஷம் முடியும்வரை காத்திருக்கவேண்டாம்.

யூடியூப்ல பார்த்தா நாலு ஸ்க்ரூதான் கழட்டுறாங்க. நானே பண்ணிக்கலாமா?

வேண்டாம். பல பாய்லர்களில் வெளி மூடியே புகையை அறைக்குள் விடாமல் தடுக்கும் சீலாக வேலை செய்கிறது. அதைக் கழற்றி மாட்டும்போது ரப்பர் ஓரம் மடிந்தாலே போதும், புகை கசியலாம். எரியறைக் கதவைத் திறக்கும்போது பல மாடல்களில் கேஸ் குழாயின் இணைப்பையும் பிரிக்கவேண்டியிருக்கும். பல நாடுகளில் உரிமம் இல்லாதவர் இதைத் தொடுவதே சட்டப்படி குற்றம்.

கழற்றுவது யாருக்கும் வரும். திரும்ப மூடிய பிறகு அது பாதுகாப்பாக எரிகிறது என்று உறுதிசெய்யப் புகையைப் பகுத்து அளக்கும் கருவி வேண்டும், அது காட்டும் எண்ணைப் புரிந்துகொள்ளத் தெரியவேண்டும். இந்த இரண்டும் இல்லாதவர் அந்தக் கதவைத் திறக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

அப்போ வீட்டுக்காரங்க செய்யறதுக்கு எதுவுமே இல்லையா?

நிறைய இருக்கிறது. பாய்லரைச் சுற்றிக் கையேட்டில் சொன்ன அளவு இடம் விடுங்கள். அட்டைப்பெட்டி, பெயின்ட், தின்னர், துணிமூட்டை எதையும் அங்கே அடுக்காதீர்கள். வெளி மூடியில் படியும் தூசியை, பாய்லர் அணைந்து ஆறியிருக்கும்போது ஈரத்துணியால் துடையுங்கள். அறைக்குக் காற்று வரும் துவாரங்களைக் குளிருக்குப் பயந்து அடைக்காதீர்கள். இதைப் பலர் செய்கிறார்கள், மிகவும் ஆபத்தானது.

வெளிச்சுவரில் புகைக்குழாய் முடியும் இடத்தை அவ்வப்போது பாருங்கள். செடி வளர்ந்து மறைத்திருக்கிறதா, பறவை கூடு கட்டியிருக்கிறதா, சுவரில் கறுப்புக் கறை இருக்கிறதா என்று கவனியுங்கள். திரையில் எரர் கோட் வந்தால் தேதியோடு எழுதிவையுங்கள். டெக்னீஷியனுக்கு அந்தக் குறிப்பு பாதி வேலையை மிச்சப்படுத்தும். கார்பன் மோனாக்சைடு அலாரம் வைத்து, அதன் சோதனைப் பொத்தானை ஒழுங்காக அழுத்திப் பார்த்துவாருங்கள்.

தீ என்ன கலர்ல இருக்கணும்? மஞ்சளா தெரிஞ்சா பயப்படணுமா?

பார்வைக் கண்ணாடி உள்ள பாய்லராக இருந்தால், தீ நீலமாக, நிலையாக, கூர்மையாகத் தெரியவேண்டும். மஞ்சளாக, நீளமாக, சோம்பலாக அசையும் தீ காற்று போதவில்லை என்பதன் அடையாளம். உடனே அணைத்துவிட்டு டெக்னீஷியனைக் கூப்பிடுங்கள். சில நொடிகள் மட்டும் ஆரஞ்சுப் பொறி தெரிந்து மறைந்தால் அது காற்றில் வந்த தூசியாக இருக்கலாம். அறையில் ஈரப்பதமூட்டும் இயந்திரம் ஓடினாலும், தண்ணீரிலுள்ள உப்புகளால் தீ ஆரஞ்சாகத் தெரியும். புதிய வகைப் பர்னர்களில் பர்னரின் உலோகப் பரப்பே சிவந்து ஒளிர்வதும் உண்டு, அது இயல்பானதுதான்.

நிறத்தை மட்டும் நம்பிவிடவும் கூடாது. தீ நீலமாக இருக்கும்போதே கார்பன் மோனாக்சைடு அளவு கூடியிருக்க முடியும். மஞ்சள் தீ ஆபத்தைச் சொல்லும். நீலத் தீ பாதுகாப்புக்கு உத்தரவாதம் தராது.

கார்பன் மோனாக்சைடு வந்தா கேஸ் வாசனை வருமே, தெரிஞ்சிடாதா?

தெரியாது. நீங்கள் சொல்லும் வாசனை எரியாத கேஸுடையது. கசிந்தால் தெரியவேண்டும் என்பதற்காக அதில் கந்தக வாடையுள்ள பொருளைச் சேர்க்கிறார்கள். கேஸ் எரியும்போது அந்த வாடையும் எரிந்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ரத்தத்தின் ஹீமோகுளோபினோடு அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிணைந்துகொள்ளும். அதனால் காற்றில் கொஞ்சம் இருந்தாலே உடம்புக்கு ஆக்சிஜன் கிடைக்காமல் போகும்.

தலைவலி, தலைசுற்றல், குமட்டல், அசதி என்று காய்ச்சல் வருவதுபோல ஆரம்பிக்கும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் வந்தாலோ, வெளியே போனால் சரியாகி வீட்டுக்கு வந்ததும் திரும்பினாலோ பாய்லரைச் சந்தேகியுங்கள். முடிந்தால் அணைத்து, கதவு ஜன்னலைத் திறந்து, எல்லோரையும் வெளியே அழைத்துப்போய் அவசர உதவியைக் கூப்பிடுங்கள். மருத்துவரிடம் கார்பன் மோனாக்சைடு சந்தேகம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் வேறு நோயாக நினைத்துவிடக்கூடும்.

அலாரம் இருக்கு, அது அடிக்கலையே. அப்புறம் என்ன பயம்?

அலாரம் கடைசித் தற்காப்பு. ஐரோப்பாவின் ஈஎன் 50291 தரத்தின்படி, காற்றில் பத்து லட்சத்தில் 50 பங்கு கார்பன் மோனாக்சைடு இருந்தால் அலாரம் 60 முதல் 90 நிமிஷத்துக்குள் அடிக்கவேண்டும். 100 பங்கு என்றால் 10 முதல் 40 நிமிஷம், 300 பங்கு என்றால் 3 நிமிஷத்துக்குள். குறைந்த அளவில் நாள்கணக்காகக் கசிந்தால் அது வாய்திறக்காமலே இருக்கலாம். தவிர அதன் சென்சாருக்கு ஆயுள் உண்டு. பின்பக்கத்தில் அச்சிட்டிருக்கும் மாற்றும் தேதியைப் பாருங்கள், தேதி தாண்டியிருந்தால் பேட்டரி மாற்றிப் பயனில்லை, அலாரத்தையே மாற்றவேண்டும்.

டெக்னீஷியன் வந்ததும் திறக்காம ஏதோ கருவிய வச்சு அளந்துட்டே இருந்தார். எதுக்கு?

நல்ல டெக்னீஷியன் என்பதற்கு அடையாளமே அதுதான். பாய்லரை அணைப்பதற்கு முன்னால், அது இருக்கிற நிலையிலேயே புகையை அளக்கவேண்டும். கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு, கார்பன் மோனாக்சைடு எவ்வளவு, புகையின் வெப்பநிலை எவ்வளவு என்ற மூன்றும் உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லிவிடும். போன தடவையைவிடப் புகை சூடாகப் போனால், ஹீட் எக்ஸ்சேஞ்சரில் படிவு சேர்ந்து சூடு தண்ணீருக்குப் போகாமல் வீணாகிறது என்று ஊகிக்கலாம். முதலிலேயே சுத்தம் செய்துவிட்டால் அந்தத் தடயம் அழிந்துவிடும்.

அணைச்ச உடனே திறக்கலாமா, எவ்வளவு நேரம் ஆறணும்?

நிமிஷக் கணக்கு எதுவும் சொல்ல மாட்டேன், ஒவ்வொரு பாய்லரும் ஒவ்வொரு வேகத்தில் ஆறும். தண்ணீரின் வெப்பநிலை அறையின் அளவுக்கு இறங்கவேண்டும், கதவின் உலோகத்தில் வெறுங்கை வைத்துத் தாங்க முடியவேண்டும். உள்ளே இருக்கும் இன்சுலேஷன் வெளியே ஆறிய பிறகும் சூட்டைப் பிடித்துவைத்திருக்கும் என்பதை மறக்கவேண்டாம்.

வரிசை முக்கியம். முதலில் கன்ட்ரோலில் அணைப்பது, பிறகு மின் இணைப்பைத் துண்டித்து மின்சாரம் வரவில்லை என்று டெஸ்டரால் உறுதிசெய்வது, அப்புறம் கேஸ் வால்வை மூடுவது. சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, வேறு யாரும் தெரியாமல் போட்டுவிடாதபடி பிளக்கைப் பிடுங்கவோ பூட்டவோ வேண்டும்.

கம்பி பிரஷ் போட்டு நல்லா தேய்ச்சாத்தானே கரி போகும்?

வார்ப்பிரும்பு ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்றால், அதன் இடுக்குகளுக்கென்றே வரும் கம்பி பிரஷை விடலாம். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலிலோ அலுமினியத்திலோ சாதாரண இரும்புக் கம்பி பிரஷ் படவே கூடாது. பிரஷிலிருந்து உதிரும் இரும்புத் துகள் ஸ்டெயின்லெஸ் பரப்பில் பதிந்து துருப்பிடிக்கும், அங்கிருந்து அரிப்பு ஆரம்பிக்கும். அலுமினியத்தில் கீறல் விழுந்தால் அதைக் காக்கும் ஆக்சைடுப் படலம் போய்விடும். நைலான் பிரஷ், பிளாஸ்டிக் தகடு, தயாரிப்பாளரே தரும் மெல்லிய தகட்டுக் கத்தி ஆகியவை போதும்.

பிரஷைத் தொடுவதற்கு முன் வாக்குவம் கிளீனரால் தளர்ந்த தூளை எடுத்துவிடவேண்டும். நுண்துகளைப் பிடிக்கும் ஹெப்பா ஃபில்டர் உள்ளதாக அது இருக்கவேண்டும். சாதாரணமானது கரியை ஒரு பக்கம் உறிஞ்சி மறுபக்கம் அறை முழுக்க ஊதிவிடும்.

தண்ணி ஊத்திக் கழுவலாமா?

கண்டென்சிங் வகையில், கையேடு அனுமதித்தால் கழுவலாம். கொஞ்சம் கொஞ்சமாக மேலிருந்து கீழாகத் தெளித்தால் அழுக்கு, கண்டென்சேட் எனப்படும் ஒடுங்கிய நீர் வடியும் வழியாக இறங்கிவிடும். கதவுப் பக்கமும் பின்பக்கமும் உள்ள இன்சுலேஷன் நனையாமல் மறைப்பது கட்டாயம், நனைந்தால் சூடாகும்போது வெடித்து உதிரும். எலக்ட்ரானிக் போர்டும் ஃபேனும் நனையக்கூடாது என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. இறங்கிய அழுக்கு அடியிலுள்ள டிராப்பில் (புகை வெளியே வராமல் தடுக்கத் தண்ணீர் தேங்கி நிற்கும் வளைவில்) போய்த் தங்கும், ஆகவே கழுவிய பிறகு டிராப்பைக் கழற்றிச் சுத்தம் செய்யாவிட்டால் பாதி வேலைதான் நடந்திருக்கிறது.

பழைய வார்ப்பிரும்பு வகையில் தண்ணீர் வேண்டாம். கரியும் தண்ணீரும் சேர்ந்தால் அமிலச் சேறாகி இரும்பைத் தின்னும்.

வினிகர், பாத்ரூம் ஆசிட், ப்ளீச் இதெல்லாம் போட்டா சீக்கிரம் போயிடுமே?

படிவு போகும், அதோடு உலோகமும் போகும். பாத்ரூம் ஆசிடிலும் ப்ளீச்சிலும் இருக்கும் குளோரின் சேர்மங்கள் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் ஊசித்துளை போல அரிப்பை உண்டாக்கும். அலுமினியத்தை அமிலமும் அரிக்கும், காரமும் அரிக்கும். பாத்ரூம் ஆசிடையும் ப்ளீச்சையும் ஒன்றாகக் கலந்தால் நச்சுக் குளோரின் வாயு வரும், அதைக் குறுகிய அறையில் செய்வதை நினைத்தாலே பதறுகிறது. சில தயாரிப்பாளர்கள் தங்கள் ஹீட் எக்ஸ்சேஞ்சருக்கென்று குறிப்பிட்ட திரவத்தைப் பரிந்துரைப்பார்கள். அதைத் தவிர வேறெதையும் உள்ளே தெளிக்க வேண்டாம்.

உள்ளே வெள்ளையா பஞ்சுப் பலகை மாதிரி இருக்கே, அதைச் சுரண்டி எடுக்கலாமா?

அது அழுக்கில்லை. தீயின் சூடு கதவுக்கும் பின்சுவருக்கும் போகாமல் தடுக்கும் இன்சுலேஷன். பெரும்பாலும் செராமிக் இழையால் ஆனது. இந்த இழையை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியவை என்ற 2பி பிரிவில் வைத்திருக்கிறது. நெடுநாள் கடும் சூட்டில் இருந்த இழையில் படிகச் சிலிக்காவும் உருவாகலாம், அது நுரையீரலுக்கு இன்னும் கெடுதல்.

அதனால் அதைச் சுரண்டவோ, ஊதவோ, துடைப்பத்தால் பெருக்கவோ கூடாது. எஃப்எஃப்பி3 போன்ற தூசி மாஸ்க், கையுறை, கண்ணாடி அணிந்து, உதிர்ந்த தூளை லேசாக ஈரப்படுத்தி ஹெப்பா வாக்குவத்தால் எடுக்கவேண்டும். மாற்றவேண்டிய பலகையை மெல்ல நனைத்துக் கழற்றிப் பையில் கட்டிவிடவேண்டும். பலகையில் விரிசல், குழி, உதிர்வு இருந்தால் பாய்லரை ஓட்டாமல் மாற்றுவதே சரி, ஏனென்றால் கதவு பொசுங்கிப்போகும். இன்னொன்று: பல பத்தாண்டுகள் பழைய பாய்லரின் கயிறு சீலிலும் பலகையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்க வாய்ப்புண்டு. சந்தேகம் வந்தால் கை வைக்காமல், அதைக் கையாளப் பயிற்சி பெற்றவர்களைக் கூப்பிடவேண்டும்.

பர்னரையும் எலக்ட்ரோடையும் எப்படிச் சுத்தம் பண்றது?

பர்னரின் துளைகளிலோ வலையிலோ தூசி இருந்தால், மென்மையான பிரஷும் வாக்குவமும் போதும். துளை அடைத்திருக்கிறது என்று ஊசியால் குத்தினால் துளை பெரிதாகும், கேஸும் காற்றும் கலக்கும் விகிதம் மாறும். அப்படிக் கெடுத்த பர்னரைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை, மாற்றத்தான் வேண்டும்.

தீ இருக்கிறதா என்று உணரும் கம்பியை உற்றுப் பாருங்கள். அதன் நுனியில் சாம்பல் நிறத்தில் கண்ணாடி போன்ற மெல்லிய படலம் இருக்கும். தீ வழியாக இந்தக் கம்பிக்குப் பாயும் மின்சாரம் சில மைக்ரோ ஆம்பியர்தான், அந்தப் படலமே அதைத் தடுக்கப் போதும். பாய்லர் பற்றிக்கொண்டு சில நொடியில் தானாக அணைந்தால் இதைத்தான் முதலில் சந்தேகிக்கவேண்டும். மெல்லிய தேய்ப்புத் தாளால் இதமாகத் தேய்த்தால் போய்விடும். கம்பியை வளைத்துவிடாமல், அதன் வெள்ளைப் பீங்கானில் மயிரிழை விரிசல் இருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும். தீயைப் பற்றவைக்கும் பொறி எலக்ட்ரோடின் இடைவெளியைக் கையேட்டில் சொன்ன அளவுக்கு அளவுத்தகடு வைத்துப் பார்க்கவேண்டும், கண்மதிப்பு உதவாது.

கரி நிறைய வந்துச்சு, எல்லாத்தையும் எடுத்தாச்சு. பிரச்சினை தீர்ந்துச்சுதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் மொத்தத்தையும் எழுதுகிறேன் என்று சொல்லலாம். கேஸ் பாய்லரில் கரி வரவே கூடாது. வந்திருக்கிறது என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்காமல் கரியை மட்டும் துடைத்துவிட்டு ஓட்டினால், அடுத்த நாளே மறுபடி சேர ஆரம்பிக்கும். சுத்தமாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் வீட்டார் இன்னும் அசட்டையாக இருப்பார்கள். இது சுத்தம் செய்யாமல் விட்டதைவிட மோசம்.

காரணங்களைத் தேடும் வரிசை இருக்கிறது. முதலில் காற்று. உள்ளே வரும் வழி அடைத்திருக்கிறதா, ஃபேனின் இறக்கைகளில் தூசி படிந்து வேகம் குறைந்திருக்கிறதா, வெளியே போன புகையே திரும்பக் காற்றுக் குழாய்க்குள் வருகிறதா என்று பார்க்கவேண்டும். பிறகு புகை போகும் வழி: புகைக்குழாய் கழன்றிருக்கலாம், கூடு அடைத்திருக்கலாம், சரிவு மாறி நீர் தேங்கியிருக்கலாம். அறைக் காற்றை எடுத்து எரியும் பழைய வகையில், சமையலறையின் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடும்போது புகைபோக்கியின் இழுவையே தலைகீழாகிப் புகை அறைக்குள் திரும்பும். அதனால் எல்லா ஃபேனையும் போட்டு, கதவு ஜன்னலை மூடி ஒரு தடவை சோதிக்கவேண்டும்.

அப்புறம் கேஸ். அழுத்தம் சரியா, வால்வின் செட்டிங்கை யாராவது திருகியிருக்கிறார்களா, இயற்கை எரிவாயுவுக்கான பாய்லருக்கு எல்பிஜி கொடுத்திருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். கடைசியாகத் தீயின் வடிவம். பர்னர் நகர்ந்து தீ நாக்கு குளிர்ந்த உலோகத்தில் நேராக முட்டினால், எரிந்து முடிவதற்குள் குளிர்ந்து அந்த இடத்தில் மட்டும் கரி அப்பும். ஆகவே கரி எந்த இடத்தில், எந்த வடிவில் படிந்திருக்கிறது என்பதைத் துடைப்பதற்கு முன் போட்டோ எடுத்துவைப்பது நல்ல பழக்கம். ஒரு பக்கம் மட்டும் கறுத்திருந்தால் பர்னரைப் பாருங்கள். எங்கும் சமமாகக் கறுத்திருந்தால் காற்றையோ கேஸ் அழுத்தத்தையோ பாருங்கள்.

கேஸ்கெட் பார்க்க நல்லாத்தான் இருக்கு. அதையே திரும்பப் போட்டா என்ன?

எரியறைக் கதவின் ஓரத்தில் புகை கசியாமல் அடைக்கும் சீல்தான் கேஸ்கெட். அமுங்கிய கேஸ்கெட் திரும்ப எழும்பாது. பல மாடல்களில் கதவைத் திறந்தாலே புதிது போடவேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கும், மற்றவற்றில் நிலையைப் பார்த்து முடிவு செய்யச் சொல்வார்கள். பழையதைக் கழற்றியதும் அதன் உட்புறத்திலிருந்து வெளிப்புறம்வரை பழுப்புக்கோடு ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். அந்தக் கோடு சூடான புகை கசிந்த பாதை. அதற்கு நேரே கதவின் உலோகமும் நிறம் மாறியிருந்தால், கதவு வளைந்திருக்கிறதா என்றும் பார்க்கவேண்டும்.

கேஸ்கெட் கிடைக்கவில்லை என்று சிலிக்கான் பசை பூசுவதை ஏற்கவே முடியாது. உதிரி பாகம் வரும்வரை பாய்லர் அணைந்தே இருக்கட்டும். நட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாக, கையேட்டில் சொன்ன இறுக்கத்துக்கு முறுக்கவேண்டும்.

மூடினதுக்கப்புறம் என்னென்ன செக் பண்ணணும்?

முதலில் டிராப்பில் தண்ணீர் நிரப்பியிருக்கிறதா என்று பாருங்கள். காலியான டிராப் வழியாகப் புகை நேராக அறைக்குள் வரும். இந்தச் சின்ன விஷயம் விட்டுப்போவது வழக்கமாக நடக்கிறது. பிரித்த கேஸ் இணைப்புகளில் கசிவு பார்க்கும் திரவத்தையோ சோப்பு நுரையையோ தடவிக் குமிழி வருகிறதா என்று பார்க்கவேண்டும். நெருப்புக் குச்சி கூடவே கூடாது.

பிறகு பாய்லரை முழுத் திறனிலும் குறைந்த திறனிலும் ஓட்டிப் புகையை அளக்கவேண்டும். இயற்கை எரிவாயுவுக்குக் கார்பன் டை ஆக்சைடு பொதுவாக 9 சதவீதத்தை ஒட்டி இருக்கும், சரியான அளவு கையேட்டில் இருக்கும். கார்பன் மோனாக்சைடைக் கார்பன் டை ஆக்சைடால் வகுத்தால் வரும் எண் 0.004-க்குக் கீழே இருக்கவேண்டும் என்பது கண்டென்சிங் பாய்லர்களுக்குப் பரவலாகப் பின்பற்றப்படும் எல்லை. ஆரோக்கியமான பாய்லரில் அதைவிட வெகுவாகக் குறைந்தே இருக்கும். உள்ளே வரும் காற்றுக் குழாயிலும் கருவியை வைத்துப் பார்க்கவேண்டும். அங்கே ஆக்சிஜன் வெளிக்காற்றின் அளவான 20.9 சதவீதமாக இருந்தால் புகை கலக்கவில்லை என்று அர்த்தம்.

சுத்தம் பண்ணினதிலிருந்து பத்தும்போது டப்புன்னு சத்தம் வருது. போகப் போகச் சரியாயிடுமா?

தானாகச் சரியாகாது. கேஸ் வந்தும் உடனே பற்றாமல், கொஞ்சம் சேர்ந்த பிறகு மொத்தமாகப் பற்றுகிறது. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம்வரை கலந்திருந்தால் வெடிக்கும். எலக்ட்ரோடின் இடைவெளி மாறியிருக்கலாம், பீங்கான் உடைந்து பொறி வேறெங்கோ பாயலாம், பர்னரில் தூசி மிச்சம் இருக்கலாம். அணைத்துவிட்டு, வேலை செய்தவரையே திரும்பக் கூப்பிடுங்கள்.

பற்றாமல் லாக் ஆகும் பாய்லரை விடாமல் ரீசெட் பண்ணுவதும் இதே ஆபத்துதான். பற்றுவதற்கு முன் ஃபேன் சில நொடிகள் ஓடுவது மிஞ்சிய கேஸை வெளியே தள்ளத்தான். ஆனாலும் கையேடு அனுமதிக்கும் எண்ணிக்கைக்கு மேல் அந்தப் பொத்தானை அழுத்தாதீர்கள்.

எரியறைக்குள்ள ஈரம், துரு தெரியுதுன்னு சொன்னார். ஹீட் எக்ஸ்சேஞ்சர் ஓட்டையா?

இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். இயற்கை எரிவாயுப் புகையிலுள்ள நீராவி சுமார் 55 டிகிரி செல்சியஸுக்குக் கீழே ஒடுங்கிச் சொட்டும். கண்டென்சிங் வகைக்கு அது இயல்பு. பழைய வகையில், திரும்பி வரும் தண்ணீர் எப்போதும் குளிர்ந்தே வந்தால் அதே ஈரம் வந்து துருவை உண்டாக்கும். அங்கே சரிசெய்யவேண்டியது தண்ணீரின் வெப்பநிலை. பாய்லரை ஓட்டாமல் ஒரு ராத்திரி விட்டும் ஈரம் காயாமல் இருந்தாலோ, அழுத்தமானி முள் நாளுக்கு நாள் இறங்கினாலோதான் ஓட்டை என்ற சந்தேகம் வலுக்கும்.

பல மாசமா பூட்டிக்கிடந்த பாய்லரை அப்படியே ஓட்டலாமா?

சர்வீஸுக்கு முன்னால் வேண்டாம். சிலந்திகள் குறுகலான காற்றுவழிகளில் வலை பின்னும், மெல்லிய வலையே காற்றுக் கலப்பைக் கெடுக்கப் போதும். மேலே சொன்ன டிராப்பின் தண்ணீரும் இதற்குள் வற்றியிருக்கும். வெளியே கூடு கட்டியிருக்கவும் வாய்ப்பு அதிகம்.

எங்களுது எல்பிஜி. இதெல்லாம் அதுக்கும் பொருந்துமா?

பெரும்பாலும் பொருந்தும், ஆனால் கூடுதல் கவனம் வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு பரவிப் பள்ளத்திலும் நிலவறையிலும் தேங்கும். இயற்கை எரிவாயு மேலே ஏறிக் கலைவதுபோல இது கலையாது. புரொப்பேன் காற்றில் 2 சதவீதத்தைச் சற்றுத் தாண்டினாலே வெடிக்கக்கூடிய நிலைக்கு வந்துவிடும். எரிவதற்கு ஒரு பங்கு புரொப்பேனுக்கு ஏறக்குறைய 24 பங்கு காற்று தேவை என்பதால், காற்று கொஞ்சம் குறைந்தாலும் கரி சீக்கிரம் சேரும். கேஸ் வாடை வந்தால் எந்த சுவிட்சையும் போடவோ அணைக்கவோ செய்யாமல், வால்வை மூடி, கதவைத் திறந்து வெளியேறுங்கள்.

பத்து நிமிஷத்துல முடிச்சுட்டுப் போயிட்டார். உண்மையிலேயே சுத்தம் பண்ணினாரான்னு எப்படித் தெரியும்?

ஆறவிடவே அதைவிட நேரம் ஆகும், ஆகவே எரியறை திறக்கப்பட்டிருக்காது. திறக்கவேண்டிய அவசியம் இல்லாமலும் இருந்திருக்கலாம், ஆனால் அதை அவர் அளவீட்டோடு சொல்லியிருக்கவேண்டும். சுத்தம் செய்ததாகச் சொன்னால் மூன்று விஷயங்களைக் கேளுங்கள்: முன்னும் பின்னும் எடுத்த புகை அளவீட்டின் அச்சுத்தாள், கழற்றிய பழைய கேஸ்கெட், உள்ளே இருந்து என்ன வந்தது என்பதன் போட்டோ. இவற்றைக் கேட்பதால் நல்ல டெக்னீஷியன் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

அந்தத் தாளில் அச்சு நாளடைவில் மங்கிவிடும். எண்களைத் தேதியோடு பேனாவால் எழுதிக் கையேட்டுக்குள் வைத்துவிடுங்கள். அடுத்த வருஷம் வருபவர் முதலில் அதைத்தான் கேட்கவேண்டும். கேட்காவிட்டால் நீங்களே எடுத்துக் கொடுங்கள்.